மரிம்பா ஏன் இவ்வளவு உரக்க ஒலிக்கிறது?

நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “மத்திய அமெரிக்கக் கிராமத் திருவிழாக் காணொளிகளில் இசைக்குழுக்கள் விடிய விடியக் காதைப் பிளக்கும்படி வாசிக்கின்றன. அவ்வளவு சத்தம் எதற்கு? ஊர்க்காரர்கள் அதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?” மத்திய அமெரிக்கா முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பதால், குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் பூர்வகுடிகளான மாயா மக்கள் வாழும் ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர்களின் திருவிழா இசையில் முக்கியக் கருவி, மரக்கட்டைகளைக் கோலால் அடித்து வாசிக்கும் மரிம்பா.

அங்கே ஒவ்வோர் ஊருக்கும் கத்தோலிக்க மரபுப்படி ஒரு காவல் புனிதர் உண்டு. ஊர்த் திருவிழா அவருடைய நாளை ஒட்டியே நடக்கும். மரபு குலையாத ஊர்களில் புனிதரின் திருவுருவத்தைப் பேணுவது கோஃப்ரதியா என்னும் சபையின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை முறைவைத்து ஏற்கும் குடும்பங்கள் சாப்பாடு, மது, வாணவெடி, இசை ஆகியவற்றுக்குத் தம் கைப்பணத்தைச் செலவழித்து, அதன் வழியே ஊரில் மதிப்பைப் பெறுகின்றன. ஆகவே அந்த இசை, நான்கு பேர் உட்கார்ந்து ரசிப்பதற்காக வாசிக்கப்படுவதன்று. அது புனிதருக்கான காணிக்கை. மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கான அழைப்பு. ஏற்ற கடமையை ஒரு குடும்பம் குறைவின்றி முடித்ததற்கு ஊரறிந்த சாட்சியும் அதுவே.

கருவிகளும் திறந்தவெளிக்கென்றே அமைந்தவை. சிரிமியா என்பது நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. முரசுடன் சேர்ந்து அது ஊர்வலங்களில் ஒலிக்கும். மரிம்பாவில், வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகள் ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஒலிப்பெட்டி தொங்கும். பழைய வகைகளில் அது சுரைக்குடுக்கை. அதன் அடிப்பகுதியிலுள்ள சிறு துளையின் மேல் பன்றிக் குடலின் மெல்லிய சவ்வைத் தேன்மெழுகால் ஒட்டுவார்கள். கட்டையை அடித்ததும் அந்தச் சவ்வு அதிர்ந்து, வண்டு முரல்வதைப் போன்ற ஒரு ரீங்காரத்தைச் சேர்க்கும். முதன்முறை கேட்பவர் கருவியில் ஏதோ பழுது என்றே நினைப்பார். கேட்டுப் பழகியவருக்கோ அதுதான் மரிம்பாவின் குரல்.

ஆப்பிரிக்க வேர் கொண்டதாகக் கருதப்படும் இக்கருவியை, 1680-இல் அன்றைய தலைநகரில், அதாவது இன்றைய ஆன்டிகுவாவில், பேராலயத் திறப்பு விழாவின்போது மாயா மக்கள் வாசித்ததாகக் குறிப்பு உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெத்சால்தெனாங்கோ நகரைச் சேர்ந்த செபாஸ்தியான் உர்தாதோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இரட்டை வரிசை மரிம்பா பரவியது; அதன் பெரிய கருவியில் நால்வரும் சிறியதில் மூவரும் நின்று வாசிப்பார்கள். பின்னர் சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் ஆகியவை சேர்ந்தன. 1978-இல் மரிம்பா தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் காணொளியில் கேட்ட இடிமுழக்கம் பெரும்பாலும் கட்டைகளிலிருந்து வருவதன்று, மேடையின் இருபுறமும் அடுக்கிய ஒலிபெருக்கிகளிலிருந்து வருவது; அமெரிக்காவில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் அந்த அடுக்கை உயர்த்தியிருக்கிறது.

பொறுத்துக்கொள்கிறார்களா என்றால், எல்லோரும் இல்லை. எவாஞ்சலிக்கல் எனப்படும் புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு மாறியவர்களில் பலர் புனிதர் வழிபாட்டையும் மதுவையும் விடும்போது மரிம்பா நடனத்தையும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அமைதியை நாடிப் போகவில்லை. அவர்களுடைய ஆராதனையும் கீபோர்டு, டிரம்ஸ், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு தெருவெல்லாம் கேட்கிறது. இரைச்சலைப் பற்றிய சண்டையாகத் தோன்றுவது, உண்மையில் இந்த ஊர் யாருடைய குரலில் பேச வேண்டும் என்பதைப் பற்றிய போட்டி என்றே நான் கருதுகிறேன். இடையில் அகப்பட்ட நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் இந்த விளக்கம் ஆறுதல் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோதோஸ் சாந்தோஸ் குச்சுமதான் என்ற ஊரில் அக்டோபர் 31 இரவு மரிம்பாவுக்கு ஆடிக் களித்தவர்கள், நவம்பர் 1 அன்று தூக்கமின்றியே குதிரையேறி ஓட்டத்தில் கலந்துகொள்கிறார்கள். மறுநாள் அதே மரிம்பாவைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிச் சென்று, இறந்தவர்களின் சமாதிகளுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிறார்கள்.