முட்டி வலியோட மியூசிக்கல்ல ஆடலாமா? குன்னூர் பாட்டியம்மா கேள்விக்கு பதில்

வணக்கம் வணக்கம். இன்னைக்கு நாலஞ்சு கேள்விக்கு பதில் சொல்லலாம்னுதான் உக்காந்தேன், ஆனா இந்த ஒரு கேள்வி மூணு நாளா மனசுலயே நிக்குது, அதனால இத மட்டும் பேசிடறேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கண்டிப்பா எடுக்கறேன்.

குன்னூர்ல இருந்து ஒரு அம்மா கேட்ருக்காங்க. "எனக்கு 61 வயசு. வலது முட்டி தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சின்ன வயசுல டான்ஸ் எதுவும் கத்துக்கல. பேத்தி ஸ்கூல்ல மியூசிக்கல் போடறாங்க, பாட்டு டான்ஸ் எல்லாம் சேர்ந்த நாடகமாம், தாத்தா பாட்டிங்களும் மேடை ஏறலாம்னு கூப்பிட்ருக்காங்க. ஸ்டெப் எல்லாம் கத்துக்க எனக்கு எத்தன மாசம் ஆகும்? நான் போயி பேத்திக்கு வெக்கமா ஆயிடுமா?"

முட்டி விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, குதிக்கறது வேணாம், ஒரு கால ஊனிக்கிட்டு படக்குனு திரும்பறது வேணவே வேணாம், அப்பதான் முட்டி முறுக்கிக்கும். சிமெண்ட் தரைல வெறுங்கால்ல ஆடாதீங்க. நம்ம ஊரு குளிருக்கு உடம்பு சூடாகவே நேரமாகும், பதினஞ்சு நிமிஷமாவது கை கால அசைச்சிட்டு அப்பறம் ஆரம்பிங்க. மியூசிக்கல்ல அதிகமா வர்ற ஸ்டெப்புல ஒண்ணு ஜாஸ் ஸ்கொயர், வலது கால இடது காலுக்கு முன்னாடி குறுக்க வைங்க, இடது கால் பின்னாடி, வலது பக்கவாட்டுல, இடது முன்னாடி, அவ்ளோதான், தரைல ஒரு சதுரம் போட்ட மாதிரி. சமையக்கட்டுல குக்கர் விசிலுக்கு காத்திருக்கற நேரத்துல பழகிடலாம்.

ஆனா பாருங்க, எத்தன மாசம்னு கேட்டீங்கல்ல, அந்த இடத்துலதான் எனக்கு நெருடுச்சு. நம்ம வீடியோ தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன், ஸ்டெப் அப்பறம், யாரா நிக்கறோம்ங்கறதுதான் முதல்ல. மேடைல நீங்க யாரு? சந்தைல கீரை விக்கறவங்களா, ராஜாவுக்கு அம்மாவா, மழைக்கு ஒதுங்கி நிக்கற ஆளா? அது தெரிஞ்சா நடை வந்துடும், நடை வந்தா அதுல இருந்துதான் ஆட்டம் வரும். மியூசிக்கல் ஆட்டத்துல எனக்கு உயிரே இதுதான். கதைல எல்லா உடம்புக்கும் வேல இருக்கு. ஊர்ல கிழவி இல்லாம கதை ஏது?

பாப் ஃபாஸின்னு அமெரிக்கால ஒரு நடன இயக்குநர், ஒரே வருஷத்துல, 1973ல, சினிமாவுக்கு ஆஸ்கர், மேடை நாடகத்துக்கு டோனி, டிவிக்கு எம்மின்னு மூணு விருதும் வாங்குனவரு. அவருக்கு பாலே ஆடறவங்க மாதிரி கால் வெளிப்பக்கமா திரும்பாது, தோள் கொஞ்சம் கூனல், முடி வேற சீக்கிரமே கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. அவரு என்ன பண்ணாரு, முட்டிய உள்பக்கமா வச்சு, தோள குறுக்கி, தலைல தொப்பிய போட்டு ஆடுனாரு, அதுவே ஃபாஸி ஸ்டைல்னு ஆகி இன்னைக்கு நியூயார்க்ல பெரிய நாடக அரங்கங்க இருக்கற பிராட்வேல நல்ல காலு இருக்கறவங்க எல்லாம் அதத்தான் கஷ்டப்பட்டு கத்துக்கறாங்க. இன்னொருத்தங்க அலி ஸ்ட்ரோக்கர், ரெண்டு வயசுல கார் விபத்து, அதுல இருந்து சக்கர நாற்காலிதான். 2019ல ஓக்லஹோமா மியூசிக்கல்ல நடிச்சதுக்கு டோனி விருது வாங்குனாங்க, சக்கர நாற்காலில இருந்து அந்த விருத வாங்குன முதல் ஆளு அவங்கதான்.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. எங்க அப்பாயி, அப்பாவோட அம்மா, இலங்கைல தேயிலை தோட்டத்துல பொறந்தது, 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்பறம் இங்க வந்த குடும்பம், எங்கள மாதிரி திரும்பி வந்தவங்களுக்காகத்தான் 1968ல இங்க அரசாங்க தேயிலை தோட்டமே ஆரம்பிச்சாங்க, இப்ப டான்டீன்னு சொல்றோமே அதுதான். அந்த அப்பாயி காமன் கூத்து பத்தி சொல்ல ஆரம்பிச்சா ராத்திரி முடியாது. மாசி மாசம் ரதியும் மதனும் வேஷம் கட்டி லயம் லயமா, அதாவது தோட்டத்து ஆளுங்க இருக்கற வரிசை வீடு வீடா, ஆடிக்கிட்டு வருவாங்களாம், தப்பு மேளத்தோட அடி தூரத்துல கேக்கறப்பவே புள்ளைங்க ஓடுமாம். சிவன் மதன எரிச்சதும் ரதி அழுவுறா பாருங்க, ரதி வேஷம் போட்டது ஆம்பள ஆளு, ஆனா அந்த அழுகைய பின்னாடி இருந்து தூக்கிப் பிடிச்சது லயத்து வாசப்படில உக்காந்திருந்த கிழவிங்கதான்னு அப்பாயி சொல்லும். எந்திரிச்சு கூட நிக்கல, உக்காந்த இடத்துலயே உடம்ப முன்னயும் பின்னயும் ஆட்டி பாடுவாங்களாம். அது ஆட்டம் இல்லன்னு யாராவது சொல்லிட முடியுமா?

நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் பத்ரப்பன் ஐயா, வள்ளி ஒயில் கும்மிக்காக 2024ல பத்மஸ்ரீ அறிவிச்சப்ப அவருக்கு வயசு 87. ஆம்பளைங்க மட்டுமே ஆடிட்டு இருந்த கும்மிக்குள்ள பொம்பளைங்கள கொண்டு வந்து சொல்லிக் குடுத்தவரு. வள்ளி முருகன் கதைய பாடிக்கிட்டே ஆடறது, நம்ம ஊரு மியூசிக்கல்தானே அது. படுகர் வீட்டு கல்யாணத்துக்கு போயிருப்பீங்க, வட்டத்துல அப்பா மகன் பேரன் எல்லாம் ஒண்ணாத்தான் ஆடறாங்க.

நான் கிளாஸ் எடுக்கற இடத்துல ஒரு அக்கா இருக்காங்க, முப்பது வருஷம் கொழுந்து பறிச்சவங்க. முதல் நாள் கவுண்ட்டே, அதாவது ஆட்டத்துக்கு எண்ணற தாளக் கணக்கே, புடிபடல, அஞ்சு ஆறு ஏழு எட்டுன்னு சொன்னா அஞ்சுல இருந்து ஏன் ஆரம்பிக்கறீங்கன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, அது பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் தயார்படுத்தற எண்ணிக்கைன்னு சொன்னேன். அப்பறம் டான்ஸ விடுங்கக்கா, கொழுந்து பறிச்சுக் காட்டுங்கன்னேன். வலது கை, இடது கை, வலது கை, நாலாவதுக்கு ரெண்டு கையும் தோளுக்கு மேல போயி முதுகுல கூடைக்குள்ள கொட்டுது. கரெக்டா நாலு கவுண்ட்டு! விரல் நுனில ரெண்டு இலை ஒரு கொழுந்து கிள்ளுற அந்த சின்ன வெட்டு இருக்கே, அதுக்கு நான் பத்து வருஷம் பழகுனாலும் வராது. அன்னைக்கு வரிசைல இருந்த காலேஜ் புள்ளைங்க எல்லாம் அக்காவுக்கு பின்னாடி நின்னு அதத்தான் கத்துக்கிட்டாங்க. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, எங்க அப்பாயி கை அப்படித்தான் போகும்.

அதனால அம்மா, எத்தன மாசம்னு கேக்காதீங்க, எனக்கு என்ன வேஷம்னு கேளுங்க. அந்த கேள்விய நீங்க கேட்ருந்தா நான் மூணு நாள் யோசிச்சிருக்கவே மாட்டேன். மேடைல ஸ்டெப் மறந்தா கூட அந்த ஆளாவே நில்லுங்க, பக்கத்துல ஆடறவங்கள அந்த ஆளு எப்படி பாப்பாளோ அப்படி பாருங்க, தப்பு பண்ணிட்டீங்கன்னே யாருக்கும் தெரியாது.

பேத்திக்கு வெக்கம் ஆகுமான்னு கேட்டீங்க. அவளையே வாத்தியாரா வச்சுக்கோங்க. இன்னைக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் டீ போட்டுக் குடுத்துட்டு, ஜாஸ் ஸ்கொயர் சொல்லிக்குடுடின்னு கேளுங்க, அப்படியே பாட்டிக்கு என்ன வேஷம் வச்சிருக்காங்கன்னும் விசாரிக்கச் சொல்லுங்க. வேஷம் தெரிஞ்சதும் எனக்கு எழுதுங்க, அதுக்கு ஏத்த நடைய நான் ஆடிக் காமிச்சு ஒரு வீடியோ போடறேன். நடக்க தடி வச்சிருக்கீங்கன்னா அதயும் சொல்லுங்க, தடி தரைல தட்டற சத்தத்தையும் கவுண்ட்டுல சேத்துக்கலாம்.