ஒருவரும் கேட்காத சப்பாத்து

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேலாக விமானம் ஓட்டிவிட்டு, வயதெல்லை வந்ததும் ஊரோடு வந்து சேர்ந்துவிட்ட என்னைக் கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் காண்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "மேலே போனால் பயமில்லையோ?" என்பது ஒன்று. மற்றது என் இடது கையைப் பார்த்துக்கொண்டே கேட்கப்படுவது: "பைலற்மாருக்கெண்டு தனி மணிக்கூடு இருக்காமே, இது எவ்வளவு வரும்?" என் காலில் இருக்கும் சப்பாத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விமானிகள் வேலைக்கு அணிவனவற்றைப் பற்றிப் பேச வரும்படி வானொலி நிலையத்தார் அழைத்தபோது, இந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி கிடைத்தது என்று மகிழ்ந்தேன். விமானிக்கு மணிக்கூடு செய்துவந்த வேலைகளைக் கருவிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டன. சப்பாத்தின் வேலையை எடுத்துக்கொள்ள இன்னும் ஒன்றும் வரவில்லை.

ஆனாலும் கேட்டதற்கு முதலில் மறுமொழி சொல்வதுதான் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்கள் மணிக்கூட்டைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான அல்பேர்த்தோ சாந்தோஸ் துமோன், இரண்டு கைகளும் வாயு நிரப்பிய வான்கப்பலின் பிடிகளில் இருக்கும்போது பைக்குள் கைவிட்டு நேரம் பார்க்க முடியவில்லை என்று நகை வணிகரான தம் நண்பர் லூயி கார்த்தியேயிடம் குறைப்பட்டதாகவும், அவர் 1904இல் கையிற் கட்டக்கூடிய ஒரு மணிக்கூட்டைச் செய்து கொடுத்ததாகவும் சொல்வார்கள். அதே துமோன் 1906 நவம்பரில் பாரிசில் விமானத்தில் 220 மீற்றர் பறந்து காட்டினார். அதற்குச் சென்ற நேரம் இருபத்தொரு விநாடியும் சொச்சமும். அவ்வளவு குறுகிய பறப்புக்கு மணிக்கூடு எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். பறப்பு நீண்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

கடலுக்கு மேலே பறப்பவனுக்கு அந்நாளில் சூரியனும் நட்சத்திரங்களுமே வழிகாட்டிகள். அவற்றின் உயரத்தை அளந்து, அளந்த நேரத்தைக் கொண்டு, தான் கிழக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. ஆகவே நேரத்தில் நான்கு விநாடி பிழைத்தால், நம்முடைய அகலாங்கில் ஏறத்தாழ ஒரு கடல் மைல் பிழைக்கும். மணிக்கூடு அரை நிமிடம் பிந்தியோ முந்தியோ ஓடினால் பதினான்கு கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். காங்கேசன்துறைக்கு நேரே வருகிறோம் என்று கணக்குப் போட்டவர் வல்வெட்டித்துறைக்கு மேலே நிற்பார். இதனாற்றான் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிலிப் வான் ஹோர்ன் வீம்ஸ், வானொலியில் வரும் நேரக்குறியைக் கேட்டு விநாடியைத் துல்லியமாகச் சரிப்படுத்திக்கொள்ளத்தக்க மணிக்கூடு ஒன்றை வடிவமைத்தார். 1927இல் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ்வரை முப்பத்துமூன்றரை மணித்தியாலம் தனியே பறந்த சார்ள்ஸ் லிண்ட்பேர்க், வீம்ஸின் எண்ணத்தை மேலும் வளர்க்க, லோஞ்சின் நிறுவனம் 1931இல் அவர் பெயரிலேயே ஒரு மணிக்கூட்டை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் விமானப்படையின் வழிகாட்டுநர்கள் கட்டியதோ 55 மில்லிமீற்றர் அகலமானது. தடித்த மேலங்கியின் கைக்கு மேலே கட்டுவதற்காகச் செய்யப்பட்ட அதைச் சட்டை மட்டும் போட்ட கையிற் கட்டினால் சிரட்டையைக் கட்டியதுபோல இருக்கும்.

பிற்பாடு வேறொரு தேவை வந்தது. உலகெங்கும் விமானிகள் ஒரே பொது நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். அது கிறீன்விச்சை ஒட்டிய நேரம், நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்பது. இறங்கும் ஊரின் நேரம் ஒன்று, பதிவேட்டின் நேரம் இன்னொன்று என்று இரண்டையும் ஒரே பார்வையில் காண்பதற்காக 1950களின் நடுப்பகுதியில் றோலெக்ஸ் நிறுவனம் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்து விமானிகளுக்கென நான்கு முள்ளுள்ள மணிக்கூட்டைக் கொண்டுவந்தது. இருநேரக் கணக்கை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஆசிரியர் தேவையில்லை. 1996இல் நாட்டின் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து வைத்திருந்த காலத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே புழங்கியது. 2002இல் கண்டி வீதி திறந்தபின், இரு பக்கத்துக்கும் எல்லையாக இருந்த முகமாலையைத் தாண்டியவர்கள், தாண்டியதும் கையை உயர்த்தி முள்ளை அரை மணித்தியாலம் திருகிக்கொண்டார்கள். விடுமுறைக்கு வந்த நான் பேருந்துக்குள் இருந்து அதைப் பார்த்தபோது, என் தொழிலை எல்லாரும் பழகிவிட்டார்களே என்று நினைத்தேன். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் மறுபடி ஐந்தரைக்கு வந்தது.

1952இல் வந்த பிரைட்லிங் நவிற்றைமர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் விமானி மணிக்கூடு என்றால் அதைத்தான் நினைக்கிறார்கள். அதன் விளிம்பைச் சுழற்றி எரிபொருள், தூரம், வேகம் யாவற்றையும் பெருக்கலாம், பிரிக்கலாம். அழகான பொருள்தான், ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர் அந்த இலக்கங்களை வாசிப்பதற்கு முதலில் கண்ணாடியைத் தேட வேண்டும், விமானி அறையின் மங்கல் வெளிச்சத்தில் கண்ணாடியும் போதாது. என்னுடன் பறந்தவர்களில் அதைக் கட்டியிருந்தவர்கள் சிலர் உண்டு. அதைச் சுழற்றிக் கணக்குப் பார்த்த ஒருவரையும் நான் காணவில்லை.

மெய்யாகவே மணிக்கூட்டால் ஆகும் வேலை ஒன்று மிஞ்சியிருந்தது. இறங்க இடம் கிடைக்காமல் வானில் காத்திருக்கும் விமானம், தாழ்ந்த உயரங்களில், ஒரு நிமிடம் நேரே, ஒரு நிமிடம் திரும்பல், மறுபடி ஒரு நிமிடம் நேரே, ஒரு நிமிடம் திரும்பல் என நான்கு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். விநாடிக்கு மூன்று பாகை என்ற அளவில் திரும்பினால் அரை வட்டத்துக்கு ஒரு நிமிடம் சரியாக வரும். பயிற்சிக் காலத்தில் இதை விநாடி முள்ளைப் பார்த்தே செய்தோம். இப்போது கணினி செய்கிறது. நேரத்தைச் செய்மதி தருகிறது. விமானி அறையின் கருவிப் பலகையிலும் ஒரு மணிக்கூடு பதித்திருக்கிறது. ஆகவே கைமணிக்கூட்டைத் தெரிவு செய்யும் இன்றைய விமானி பார்ப்பது, இருட்டில் முள் தெரிகிறதா, பாரம் குறைவா, விளிம்பு எங்காவது கொளுவாதா என்பவற்றைத்தான். பிடியைப் பிடித்திருக்கும்போது கையைத் திருப்பாமல் பார்க்கலாம் என்று மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டுபவர்களும் உண்டு. இளையவர்கள் கட்டும் புதுவகை மணிக்கூடுகள் இதயத்துடிப்பையும் நித்திரையையும் கணக்கிடுகின்றன. ஆனால் மின்னேற்ற மறந்தால் அன்றைக்கு அது வெறுங் காப்பு. என் கையில் இருப்பது இரண்டு நேரம் காட்டும் கசியோ. அதன் விலை, நல்ல சப்பாத்து ஒரு சோடியின் விலையிற் பாதிகூட வராது. கேட்டவர்களின் முகம் வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனிச் சப்பாத்துக்கு வருகிறேன். எங்கள் ஐயா மொறிஸ் மைனர் கார் ஒன்று வைத்திருந்தார். காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஏனென்று கேட்டபோது, "கிளச் எங்கை பிடிக்குது எண்டு காலுக்குத் தெரிய வேணும்" என்றார். விமானம் ஓட்டப் பழகப் போன முதல் நாளில் அந்தச் சொல் என் நினைவுக்கு வந்திருந்தால் நல்லது. நான் போட்டுச் சென்றது தடித்த இறப்பர் அடியும் அகன்ற விளிம்பும் உள்ள புதுச் சப்பாத்து. சிறிய பயிற்சி விமானத்தில் இரண்டு மிதிகள் நெருங்கி இருக்கும். மிதியின் கீழ்ப்பகுதியை உதைத்தால் வாலில் உள்ள சுக்கான் திரும்பும், நிலத்தில் ஓடும்போது மூக்குச் சக்கரமும் அதனோடு திரும்பும். மேற்பகுதியைக் கால்விரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் பிறேக் விழும். கீழே உதைக்கிறேன் என்று நினைத்து மேலேயும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். என் காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. விமானம் சடாரென்று இடப்பக்கம் திரும்பிப் புல்லுக்குள் இறங்கியது. ஆசிரியர் கோபிக்கவில்லை, என் காலைப் பார்த்து, "நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு வராதே" என்று மட்டும் சொன்னார். குதிக்கால் தரையில் ஊன்றி இருக்க வேண்டும், கால்விரல் மேலே ஏறக்கூடாது, அடி மெல்லியதாய் இருக்க வேண்டும். அன்று படித்த இந்தப் பாடம் ஓய்வு பெறும்வரை மாறவில்லை.

கால் எங்கே வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் நேயர்கள் பலாலிப் பக்கம் போய் நின்று பார்க்கலாம். அங்குள்ள ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. நம்முடைய வாடையும் சோளகமும் ஏறக்குறைய அதன் நீளப்பாட்டுக்கு வீசுவன. ஆகவே அந்தக் காற்றுகளில் இறங்குவது சுகம். மேற்கிலிருந்து கச்சானும் கிழக்கிலிருந்து கொண்டலும் வந்தால் காற்று பக்கவாட்டில் சாய்வாக வந்து அடிக்கும். அப்போது விமானி, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்து, நண்டு நடப்பதுபோலச் சரிவாக வந்து, சக்கரம் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னே காலால் உதைத்து மூக்கைப் பாதைக்கு நேராக்க வேண்டும். உதைப்பு முந்தினால் காற்று பாதையை விட்டுத் தள்ளிவிடும். பிந்தினால் சக்கரங்கள் கோணலாக விழுந்து அலறும். அந்த ஒரு கணத்தை இடுப்பும் பாதமும்தான் அறிகின்றன.

1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. பறந்தது டக்கோட்டா விமானம். வாற்சக்கரம் பொருந்திய அந்த வகை, நிலத்தில் ஓடும்போது பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். முழுதாக நிற்கும்வரை ஓட்டுபவரின் கால்களுக்கு ஓய்வில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட நாளில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய ஏ.ரி.ஆர். 72, அதைவிட எவ்வளவோ நவீனமானது. ஆனால் அதுவும் எஞ்சினின் முன்னே விசிறி சுழலும் விமானம்; எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், அதைக் கால்தான் ஈடுசெய்ய வேண்டும்.

இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டால், எது நின்றது என்று காலே சொல்லிவிடும். வலது எஞ்சின் ஓய்ந்தால் விமானம் வலப்பக்கம் இழுபடும். நேராக வைத்திருக்க இடது காலை ஊன்ற வேண்டும். வலது கால் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் கால் எதுவோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. பதற்றத்தில் நல்ல எஞ்சினை நிறுத்திவிட்ட விபத்துகள் வரலாற்றில் உண்டு என்பதால், கருவிகளைப் பார்க்குமுன் காலைக் கேட்கும்படி பயிற்சியில் மறுபடி மறுபடி சொல்வார்கள்.

காலின் பலத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2001 நவம்பர் 12ஆம் திகதி நியூயோர்க்கில் புறப்பட்ட ஏ300 வகை விமானம், முன்னே சென்ற பெரிய விமானம் கிளப்பிய சுழலில் ஆடியபோது, சுக்கான் மிதிகள் மாறி மாறி முழுவீச்சில் உதைக்கப்பட்டன. வாலின் நிமிர்ந்த பகுதி கழன்று விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் நிலத்தில் ஐந்து பேரும் இறந்தார்கள். தேவைக்கு மிஞ்சிய அந்த உதைப்புகளோடு, வேகம் கூடும்போது மிதி மிகச் சிறிது நகர்ந்தாலே போதும் என்றிருந்த அந்த வகையின் அமைப்பும், பயிற்சியும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சப்பாத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் சில அங்குலங்களுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அதைப் படித்த பிறகு நான் ஒருநாளும் மறந்ததில்லை.

சரி, எத்தகைய சப்பாத்து? கறுப்பு நிறம் என்பது சீருடையின் கட்டளை. அதில் நமக்குத் தெரிவில்லை. தோல் வேண்டும், ஏனெனில் செயற்கைப் பொருள் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். அடி மெல்லியதாகவும் மழையில் நனைந்த தளத்தில் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. உள்ளே இரும்புத் தகடு வைத்ததை வாங்கினால் ஒவ்வொரு விமான நிலையத்திலும் சோதனைக் கதவு கத்தும், கழற்றி மாட்டியே காலம் போகும். நாடாவின் முடிச்சுத் தொங்கினால் மிதியில் சிக்கலாம் என்பதால் நாடாவில்லாததை விரும்புவோர் உண்டு. அவசரத்தில் இறங்கி ஓடும்போது அது கழன்றுவிடும் என்று சொல்லி நாடாவை இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுவோரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. பெண் விமானிகள் குதி உயர்ந்ததை அணிந்தால் குதிக்காலை ஊன்றவே இயலாது. தட்டையானதே அவர்களுக்கும் ஏற்றது. நீண்ட பயணத்தில் கால் வீங்கும். அதனால் மாலை நேரத்தில், வேலைக்குப் போடும் அதே காலுறையைப் போட்டுக்கொண்டு போய் அளவு பார்த்து வாங்க வேண்டும். பருத்திக் காலுறையைவிடக் கம்பளிக் காலுறை நல்லது, ஏனெனில் உயரத்தில் விமானி அறையின் தரை குளிர்ந்துபோகும், தலைக்கு வரும் வெயில் காலுக்கு வராது.

ஓய்வு பெற்று வந்த பின், கடைசியாகப் போட்டுப் பறந்த சோடியை அடி மாற்றுவதற்காகப் பெரியகடைப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடி அவ்வளவாகத் தேயவில்லை. பின்பக்கத்துத் தோல்தான், குதிக்கு மேலே, இரண்டிலும் உராய்ந்து வெளுத்திருந்தது. "ஐயா லொறி ஓடினனீங்களோ?" என்று கேட்டார். "ஓம், கொஞ்சம் பெரிய லொறி" என்றேன். அப்படியென்றால் ரயர் இறப்பரில் தடித்த அடி போட்டுத் தருகிறேன், பத்து வருடம் உழைக்கும் என்றார். வேண்டாம், உங்களிடம் இருப்பதில் மெல்லியதைப் போடுங்கள் என்று நான் சொன்னபோது, லாபம் தெரியாத மனிதர் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, மெல்லியதையே ஒட்டித் தைத்துத் தந்தார். இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்தேன். வணக்கம்.