யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச் மாதம் வந்துவிட்டால், படிப்பை முடித்துப் போகும் பிள்ளைகளின் பிரிவு விழாவுக்காக ஊர் ஊருக்குப் பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட திரைகள் தொங்கும். வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள். பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் "ஹை!" என்று உரக்கக் குரல் கொடுத்து எழுந்து போய், இரண்டு கைகளாலும் சான்றிதழை வாங்கி, குனிந்து வணங்கித் திரும்புவார்கள். அதுவரை யார் கண்ணும் பெரிதாகக் கலங்காது. அப்புறம் பாட்டு தொடங்கும். பெற்றோர் கைப்பையில் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

இந்தப் பாடல்களைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கேட்கும்போதெல்லாம் மனத்தில் ஒரே கேள்விதான் வரும்: இதை யார், யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள்? இன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

முதலில் பழைய பாட்டு இரண்டு. அன்றைய ஜப்பானிய அரசான மெய்ஜி அரசு 1879-இல் இசைக்கென்று ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது. இசாவா ஷூஜி அதன் பொறுப்பில் இருந்தார். மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் என்ற இசை ஆசிரியர் வந்து சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன பாட்டுச் சொல்லித் தருவது என்று முடிவு செய்து, தொகுப்பு நூல்கள் போட்டார்கள். 1881-ஆம் ஆண்டின் முதல் தொகுதியில் வந்ததுதான் 'ஹோத்தாரு நோ ஹிக்காரி', அதாவது மின்மினியின் ஒளி. மெட்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் புத்தாண்டு நள்ளிரவில் பாடும் பாட்டினுடையது. சொல் சீனக் கதையிலிருந்து வந்தது. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாத ஒருவன் மின்மினிகளைப் பிடித்து வைத்து அந்த ஒளியில் படித்தான், இன்னொருவன் ஜன்னலோரப் பனியின் வெளிச்சத்தில் படித்தான் என்பது கதை.

எங்கோ பிறந்த மெட்டு இவர்கள் நாவில் இவ்வளவு சுலபமாக உட்கார்ந்தது எப்படி? அந்த மெட்டில் ஐந்து சுரங்கள்தான். மத்திமமும் நிஷாதமும் கிடையாது. ச, ரி, க, ப, த. நம் காதுக்கு அது மோகனம். ஜப்பானியக் காதுக்கும் ஐந்து சுரம் புதிதில்லை. நாலாவதையும் ஏழாவதையும் விட்டுவிட்ட வரிசை என்று அதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதன் மூன்றாம், நான்காம் சரணங்கள் நாட்டின் எல்லைகளைப் பற்றியும் கடமையைப் பற்றியும் பேசின. இன்று அவற்றைப் பாடுவதில்லை. மின்மினி மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, 'அஒகேபா தோத்தொஷி'. 1884-இல் மூன்றாம் தொகுதியில் வந்தது. அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு மேன்மை, எங்கள் ஆசிரியரின் அருள் என்று தொடங்குகிறது. மாணவர் ஆசிரியரை வணங்கிப் பாடுவது. மெட்டு யாருடையது என்பது நூறாண்டுக்கு மேல் புதிராகவே இருந்தது. 1871-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பாடல் நூலில் அதன் மூலம் இருப்பதை சக்குராய் மசாத்தோ என்ற பேராசிரியர் கண்டுபிடித்த செய்தி 2011-இல் வந்தது. அங்கேயும் அது பள்ளி முடியும் நாளின் பாட்டுதான்.

இதில் ஒரு வரியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 'இமா கோசொ வக்காரெமெ' என்று ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் வரும். பிள்ளைகளில் பலர் கடைசி 'மெ'யைப் பிரிவின் முனை, பிரியும் இடம் என்று நினைத்துப் பாடுகிறார்கள். உண்மையில் அது பழைய இலக்கணம். 'கோசொ' என்பது நம் தேற்ற ஏகாரம் போல: இப்போதே. அந்தச் சொல் வந்தால் வினையின் ஈறு மாறும், 'மெ' என்று முடியும். ஆக, "இப்போதே பிரிவோம்" என்பது பொருள். இசை சரியாக அந்தப் பிரிவு என்ற சொல்லில் ஒரு கணம் நின்றுவிடும். கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுரத்தில் காத்திருக்கும். பிரிவோம் என்று வாய் சொல்கிறது, பிரிய மனம் வராமல் குரல் நிற்கிறது. நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்தச் சொல்லை இந்தச் சுரத்தில் கொண்டுவந்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் இரண்டாம் சரணத்தில் உயர்ந்து நில், பெயர் எடு என்று வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பலருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரை அண்ணாந்து பார்ப்பதும் பழைய காலத்து வழக்கமாகத் தோன்ற ஆரம்பித்தது. பள்ளிகள் மெல்ல வேறு பாட்டுகளைத் தேடின.

கிடைத்தவற்றில் பல, பள்ளிக்காக எழுதப்பட்டவையே இல்லை. காயென்தாய் இசைக் குழுவின் 'ஒக்குரு கொத்தொபா' 1979-இல் வந்தது. ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் பாட்டு. அதில் ஆசிரியராக நடித்த தகேதா தெத்சுயாதான் வரிகளையும் எழுதினார். தன் காதல் தோற்ற நினைவில் எழுதியது. ரெமியோரொமென் குழுவின் 'மார்ச் 9' நண்பரின் திருமணத்துக்காக எழுதியது. இரண்டையும் பள்ளிப் பிள்ளைகள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணுக்குச் சொன்னதும், மணமக்களுக்குச் சொன்னதும், பக்கத்து மேசைத் தோழனுக்குச் சொல்வதாகிவிட்டது. ஆஞ்செலா அக்கி 2008-இல் எழுதிய பாட்டில், பதினைந்து வயதுப் பிள்ளை வளர்ந்த பிறகான தனக்கே கடிதம் எழுதுகிறது, வளர்ந்தவர் பதில் போடுகிறார்.

இப்போது சைத்தாமா மாகாணத்தின் சிச்சிபு ஊருக்கு வாருங்கள். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும் புக்கோ மலையின் அடிவாரம். அங்கே ககெமோரி நடுநிலைப் பள்ளியில் கொஜிமா நொபொரு தலைமையாசிரியராக இருந்தார். பாட்டுச் சத்தம் கேட்கும் பள்ளியாக அதை ஆக்கவேண்டும் என்பது அவர் ஆசை. இசை ஆசிரியை சகமோத்தோ ஹிரோமியும் அதற்காக உழைத்தார். 1991-இல், பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது தரவேண்டும் என்று ஆசிரியைக்குத் தோன்றியது. தலைமையாசிரியரிடம் பாட்டு எழுதித் தரச் சொன்னார். தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார் அவர். மறுநாள் காலையில் ஆசிரியையின் மேசைமேல் எழுதிய தாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இசை அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் மெட்டு வந்துவிட்டது.

அப்புறம் பிரிவு விழா நாளில் ஆசிரியர்கள் எல்லாரும் மேடையேறி, பிள்ளைகளைப் பார்த்துப் பாடினார்கள். வெளிச்சத்தில் தெரியும் மலைத்தொடரில் தொடங்கி, சிறகு விரித்துப் பறந்து போவதில் முடியும் பாட்டு. அந்த ஒரு நாளுக்கு என்றுதான் செய்தார்கள். கொஜிமா அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பிள்ளைகள் தாங்களே அதைப் பாடினார்கள். பிறகு இசை ஆசிரியர்களுக்கான இதழ் வழியாக நாடெங்கும் பரவியது. 'தபிதாச்சி நோ ஹி நி', புறப்படும் நாளில் என்ற அந்தப் பாட்டைக் கேட்காத பள்ளி இன்று அங்கே குறைவு. இதைப் பல குரல்களில் பிரித்துப் பாடுவார்கள். பையன்களுக்கு அப்போதுதான் குரல் உடைந்திருக்கும். கீழ்க்குரலில் அவர்கள் தடுமாறிச் சேரும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிள்ளைகள் ஆசிரியரை அண்ணாந்து பார்த்தது 1884. ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பார்த்து எழுந்து நின்றது 1991. வணக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. புக்குஷிமா மாகாணத்தில் மினாமிசோமா நகரின் ஒடாக்காப் பகுதி. 2011 மார்ச் 11-இல் அங்குள்ள நடுநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் 106 பிள்ளைகள் இருந்தார்கள். அன்று நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. கடல் இருவரைக் கொண்டுபோனது. விபத்துக்குள்ளான அணு உலையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்த ஊர் என்பதால் மற்றவர்கள் எல்லாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஹொக்கைதோவிலிருந்து நாகசாக்கி வரை சிதறினார்கள். ஏப்ரலில் வேறு இடத்தில் பள்ளி திரும்பத் தொடங்கியபோது அந்த வகுப்புக்கு வந்தவர்கள் ஏழே பேர்.

இசை ஆசிரியை ஒதா மிக்கி ஒரு பெரிய ஜப்பான் வரைபடத்தில், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளைகளின் முகப் படங்களை ஒட்டினார். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு பேசினார்கள். இவ்வளவு தூரமா என்றார்கள். ஆனாலும் வானம் ஒன்றுதானே என்றார்கள். அப்படி அவர்கள் சொன்னவற்றையும் நாட்குறிப்பில் எழுதியவற்றையும் ஆசிரியை குறித்து வைத்தார், கோத்தார், மெட்டமைத்தார். 'குன்ஜோ' என்று பெயர். ஆழ்ந்த கடல் நீலம். பிள்ளைகளை எடுத்துக்கொண்ட அதே கடலின் நிறம். 2013 மார்ச்சில் அந்த வகுப்பு தன் பிரிவு விழாவில் அதைப் பாடியது.

மற்றப் பாடல்களில் பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். இங்கே பாட்டு யாரைத் தேடிப் போனதோ அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூடத்திலேயே இல்லை. மறுபடியும் சந்திப்போம், அந்த நீல ஊரில் என்று முடிக்கிறார்கள்.

ஊருக்குள் திரும்பக் குடியேற 2016 ஜூலையில்தான் அனுமதி வந்தது. பள்ளி தன் சொந்தக் கட்டடத்துக்கு 2017 ஏப்ரலில் திரும்பியது. கிளம்பும்போது 13 வயதாக இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது 19 வயது.