ஓசி டிஷ்ஷா, மாசக்காசு டிஷ்ஷா? சாளை மாடியிலிருந்து ஒரு வீடியோ

வணக்கமுங்க. காற்றுச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அப்பிச்சியின், அதாவது அம்மாவோட அப்பாவின், தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) மாடியில் நிற்கிறேன். பின்னால் இரண்டு டிஷ் தெரிகிறதா? துருப்பிடித்தது டிடி ப்ரீ டிஷ், தூர்தர்ஷனின் இலவச டிஷ். அப்பிச்சி போட்டது. பளபளப்பாக இருப்பது மாசாமாசம் ரீசார்ஜ் கேட்கும் தனியார் கம்பெனி டிடிஎச், மாமா போட்டது. எது நல்லதென்று இரண்டு பேருக்கும் தினமும் சண்டை.

இரண்டும் ஏறக்குறைய அக்னி மூலையைத்தான் பார்க்கின்றன. ப்ரீ டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கில், நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். இதோ, அந்தத் தென்னை வளர்ந்து குறுக்கே வந்துவிட்டது. ஆடிக் காற்றில் மட்டை ஆடினால் படம் கட்டம் கட்டமாக உடையும். பெருமழை வந்தால் இரண்டுமே போய்விடும். அதில் காசு கட்டியவர், கட்டாதவர் பேதமே இல்லை.

ப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் வந்தது. அப்போது டிடி டைரக்ட் பிளஸ் என்று பெயர். டிஷ்ஷும் செட்டாப் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. குறை என்னவென்றால் நமக்கு வேண்டிய தமிழ் சேனல் குறைவு. டிடி தமிழ் வரும். நான் இதை எடுக்கும்போது சன் டிவியும் விஜய் டிவியும் அதில் இல்லை. எங்கள் அம்மிச்சியின், அதாவது பாட்டியின், தீர்ப்பு அந்த ஒரு காரணத்திலேயே முடிந்துவிட்டது, நாடகம் வராத பெட்டி அவருக்குப் பெட்டியே இல்லை.

ஆனால் அப்பிச்சியிடம் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது, கிரிக்கெட். 2007-இல் வந்த ஒளிபரப்புச் சட்டப்படி, இந்தியா ஆடும் ஒருநாள், டி20 போட்டிகளைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அந்தப் படம் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் (பழைய கூரை ஆன்டெனாவில் வருவது) ப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் வரலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மாமா பெட்டியில் டிடி ஸ்போர்ட்ஸ் இருந்தும் மேட்ச் வராது. கீழே ஓசிப் பெட்டியில் ஓடும். அன்றைக்கு அப்பிச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! “காசு கட்டுனவன் எங்கூட வந்து உக்காந்து பாரு சாமி” என்பார்.

சரி, அடுத்து இன்டராக்டிவ், அதாவது பார்ப்பவரும் ரிமோட்டால் பங்கெடுக்கும் விஷயம். ரிமோட்டையே கொண்டுவந்திருக்கிறேன். இந்தச் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பட்டன்கள்தான். ‘நீங்களும் பங்கேற்கலாம்’ என்பார்கள். உண்மையில் இதை அழுத்தினால் மேலே ஒன்றும் போவதில்லைங்க. வீட்டு டிஷ் வாங்கும், அனுப்பாது. சமையல் குறிப்பு, ராசிபலன் மாதிரிப் பக்கங்களை மேலிருந்து ரங்கராட்டினம் போலச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். நாம் கேட்ட பக்கம் வரும்போது பெட்டி பிடித்துக்கொள்ளும். ‘காத்திருக்கவும்’ என்று வருகிறதே, அது ராட்டினத்தில் நாம் கேட்ட பக்கம் சுற்றி வரக் காத்திருப்பதுதான். நிஜமாகவே நாம் பதில் அனுப்ப போனோ இன்டர்நெட்டோ வேண்டும்.

போன வருடம் எங்கள் வீட்டில் இன்டர்நெட் இணைத்திருந்த பெட்டியில் ஒரு பொடியன் அழுத்திய அழுத்தில் ஒரு விளையாட்டு சர்வீஸ் சேர்ந்துகொண்டது. தினம் இரண்டு ரூபாய் போவது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சைல்டு லாக் போட்டு வையுங்கள்.

காசுப் பெட்டியில் எனக்குப் பிடித்தது ரெக்கார்டிங்தான். தண்ணீர் கட்டப் போய்விட்டு வந்து பார்க்கலாம். ஆனால் அந்தப் பதிவு அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும், பென்டிரைவைப் பிடுங்கி வேறு டிவியில் போட்டால் வராது. கடையில் வாங்கும் பல ப்ரீ டிஷ் பெட்டிகளிலும் யுஎஸ்பி ரெக்கார்டிங் இருக்கிறது, வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் கிரிக்கெட், செய்தி, பிள்ளைகளுக்குப் பாடச் சேனல் போதும் என்பவர்கள் மாசக்காசை மிச்சம் பிடிக்கலாம். நாடகம் பார்க்கிற வீடென்றால்... இருங்க, கீழே அம்மிச்சி சத்தம் போடுகிறார். ரிமோட்டைக் காணோமாம். வருகிறேனுங்க.