‘அழகிகள் மீட்பு’: மூன்று வரிச் செய்திக்குள் இருப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பேப்பரைப் புரட்டும்போது உள்பக்கத்து மூலையில் ஒரு சின்னச் செய்தி அடிக்கடி கண்ணில் படும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘வாடகை வீட்டில் விபசாரம். புரோக்கர் கைது. இரண்டு அழகிகள் மீட்பு.’ அவ்வளவுதான். கூடவே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களின் படம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் இந்த மூன்று வரியைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் அந்த ‘அழகி’. நகைக்கடையில் திருடி அகப்பட்ட பெண்ணை அழகி என்று எழுதுகிறோமா? சீட்டுப் பணத்தைச் சுருட்டியவரை? கிடையாது. இந்த ஒரு வழக்கில் மட்டும், வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலும், ரத்தசோகையில் முகம் வெளிறிப் போயிருந்தாலும் அவர் அழகிதான். பரிதாபப்படாதே, வேடிக்கை பார் என்று வாசகருக்கு ஜாடை காட்டுகிற சொல் அது. அதே வீட்டுக்குக் காசு கொடுத்து வந்தவர் இருப்பாரே, அவருக்கு என்ன அடைமொழி? ஒன்றும் கிடையாது. பல சமயம் அவர் செய்தியிலேயே இருக்க மாட்டார். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், சோதனையோ மீட்போ எதுவானாலும் இந்தப் பெண்களின் பெயரும் படமும் வெளிவராதபடி ஊடகங்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று பத்திரிகை கவுன்சிலிடம் சொல்லியிருக்கிறது. துப்பட்டாவால் முகத்தை மூடிவிட்டால் போதுமா? சேலையைப் பார்த்தே அண்டை வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

சரி, அடுத்த சொல்லுக்கு வருகிறேன். ‘மீட்பு’. கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்டார்கள் என்கிறோம். மீட்டதும் குழந்தை அம்மாவிடம் போகும். இங்கே மீட்கப்பட்டவர் எங்கே போகிறார்?

நாம் விபசாரத் தடுப்புச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லும் சட்டம் 1956-ல் வந்தது. 1986-ல் திருத்தி, பெயரையும் மாற்றினார்கள். வாரன்ட் இல்லாமல் சோதனை போடுவதானால், அந்த வட்டாரத்து மரியாதைக்குரியவர்கள் இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பெண் போலீசார் உடன் வர வேண்டும் என்கிறது பிரிவு 15. பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான் எழுதினார்கள். ஆனால் சாட்சி எங்கிருந்து வருகிறார்? அதே தெருவிலிருந்து. ராத்திரி பத்து மணிக்குச் சோதனை நடந்தால் காலையில் பால் வாங்கப் போகும்போது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வழக்கு பிறகு தள்ளுபடி ஆனாலும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். அவருக்கும் பயம். இடம் கொடுத்தவர் என்று அவர் மேலேயும் வழக்கு பாயலாம்.

பிறகு மாஜிஸ்திரேட். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரிவு 17-ன்படி அவர் ஒரு விசாரணைக்கு உத்தரவிடுவார். அது முடியும்வரை மூன்று வாரத்துக்கு மிகாமல் அந்தப் பெண்ணைக் காப்பகத்தில் வைக்கலாம். விசாரணையில் என்ன பார்ப்பார்கள்? அவருடைய வயது, நடத்தை, பூர்வோத்திரம். அப்புறம், அவரைப் பொறுப்பேற்கப் பெற்றோரோ கணவரோ பொருத்தமானவரா என்பது. நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் விசாரிப்பார். முப்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றி அப்பாவிடம் விசாரிக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். வெளியூரில் ஜவுளிக்கடையில் வேலை, வீட்டு வேலை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மாதாமாதம் பணம் அனுப்பியிருப்பார். ஊரில் யாருக்கும் தெரியாது. அரசாங்க ஆள் ஒருவர் வந்து இறங்கி, இன்னாருடைய மகள் வீடு எது என்று டீக்கடையில் கேட்டால் போதும், ரகசியம் உடைந்துவிடும். அவர் வேண்டுமென்றே செய்வதில்லை. நடைமுறை அப்படி. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெண் திரும்பிப் போவதற்கு ஊர் இல்லை.

விசாரணை முடிந்து, பாதுகாப்பு தேவை என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை காப்பகத்தில் வைக்கச் சொல்லி உத்தரவிடலாம். குற்றம் செய்ததாக யாரும் சொல்லவில்லை, தண்டனையும் இல்லை. ஆனால் கதவு பூட்டியிருக்கும். அதற்குப் பெயர் மீட்பு. 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படி வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தது. வயதுவந்த பெண்ணை அவர் சம்மதம் இல்லாமல் இப்படி வைத்திருக்க முடியாது, விபசாரம் செய்வதையே குற்றம் என்று சொல்லும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பில் சொன்னார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் கதையே வேறு. அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, போக்சோ சட்டம் வந்துவிடும். நான் பேசுவது வயதுவந்த பெண்களைப் பற்றி.

கதவு பூட்டியிருக்கும்போது வெளியே என்ன நடக்கிறது? வட்டி ஓடுகிறது. வங்கியில் கடன் கிடைக்காதவர் பத்து வட்டிக்கு வாங்கியிருப்பார். இருபதாயிரம் வாங்கினால் மாதம் இரண்டாயிரம். ஒரு வருஷம் உள்ளே இருந்தால் வட்டி மட்டும் இருபத்து நாலாயிரம், முதல் அப்படியே நிற்கும். குழந்தை யாருடைய வீட்டிலோ இருக்கும், அதற்கும் செலவு. வக்கீல் ஃபீஸ் யார் கட்டுவார்? ஜாமீன் தேவைப்பட்டால் ஜாமீன்தாரரை யார் பிடித்துக்கொண்டு வருவார்? அண்ணன் தம்பி வரமாட்டார்கள். வருகிற ஒரே ஆள் புரோக்கர். செலவையெல்லாம் அவர் கணக்கில் எழுதிக்கொள்வார். வெளியே வந்த அன்றைக்கு அந்தப் பெண் முன்பைவிட அதிகமாக அவர் கையில் சிக்கியிருப்பார். ‘மீட்டும் திருந்தவில்லை பாருங்கள்’ என்று நாம் சொல்வோம். திருந்துவதற்கு முன்னால் கடன் அடைய வேண்டாமா?

தெருவில் நின்று அழைத்ததாகப் பிரிவு 8-ல் வழக்குப் போட்டால் இன்னொரு விதம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாய்தா வாய்தாவாக அலைய முடியாது என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போவார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அது பதிவாகி நிற்கும். அடுத்த முறை தண்டனை ஒரு வருஷம் வரை போகலாம். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், இலவச வக்கீல் கேளுங்கள் என்று அங்கேயே யாராவது சொல்ல வேண்டும். எண்ணைக் கடைசியில் சொல்கிறேன், பேனா எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சட்டத்தில் பிரிவு 4 இருக்கிறது. பிறர் விபசாரத்தில் சம்பாதித்த பணத்தில் தெரிந்தே வாழ்கிற, பதினெட்டு வயது தாண்டிய யாருக்கும் இரண்டு வருஷம் வரை சிறை. புரோக்கரைப் பிடிக்க எழுதியது. ஆனால் அந்தப் பெண் கல்லூரிக்கு அனுப்பும் மகனுக்குப் பதினெட்டு முடிந்தால், எழுத்துப்படி பார்த்தால், அவனும் இதற்குள் வருவான். வயதான அம்மாவும் வருவார்.

2022 உத்தரவைப் பற்றி ஒரு திருத்தம். ‘இனி கைது கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது’ என்று பலர் நினைக்கிறார்கள். சோதனையில் இந்தப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பது, நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரை. ஒன்றிய அரசு அதில் தயக்கம் தெரிவித்தது. உடனே அமல்படுத்தச் சொன்னவற்றில் அது இல்லை. இருப்பவை வேறு: பாலியல் தாக்குதலுக்கு ஆளானால் உடனடி மருத்துவம் உள்ளிட்ட எல்லா உதவியும், விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் இருப்பவர்களைக் கணக்கெடுத்து விடுவிப்பது, ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்பது. இந்த ஆணுறை விஷயம் சின்னதாகத் தோன்றும். பையில் இருந்தால் கேஸ் என்று பயந்தால் யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். நோய் அங்கேதான் நுழைகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது 1986-ல், சென்னையில், இப்படிப்பட்ட பெண்களின் ரத்தத்தைச் சோதித்தபோது. ஆண்களைச் சோதித்திருந்தால்...

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆதாரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். முகவரிச் சான்று இல்லாத பெண்கள், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்றிதழை வைத்தே ஆதார் வாங்கலாம். தொழிலைக் காட்டும் எந்தக் குறியும் அந்த அட்டையில் இருக்கக் கூடாது என்பதும் உத்தரவிலேயே இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதம் கட்டாயம், முடிவு ரகசியம். 2018 செப்டம்பரிலிருந்து அது சட்டம்.

இலவச வக்கீலுக்கு எண் 15100. பெண் என்றால் வருமானச் சான்று தேவையில்லை. மறுபடியும் சொல்கிறேன்: ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். வணக்கம்.