தொப்பி இல்லை, தாத்தா

நடுவர் அவர்களே, ரோஸ்ஹில் தமிழ் மக்களே, வணக்கம். மொழி பழகும் பிள்ளைக்கு முதலில் தர வேண்டியது பழைய செவ்விலக்கியமா, இக்காலக் கதையின் மொழிபெயர்ப்பா? மொழிபெயர்ப்புதான் என்று பேச வந்திருக்கிறேன்.

"குறள் இருக்க, வெள்ளைக்காரன் கதை தமிழில் எதற்கு?" என்று கேட்டு எதிரணித் தலைவர் ஐயா கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் கல்யாணப் பந்தியில் போடும் ஏழு கறியையும் பால்குடிப் பிள்ளைக்கு ஊட்டுவோமா? பழைய ரோமானியரின் மொழியான லத்தீனுக்கும் செவ்விலக்கியம் தந்த சீசர் இருக்கிறார், வர்ஜில் இருக்கிறார். சீசர் எழுதிய போர்க்கதையில் அவர் படை ரைன் ஆற்றைத் தாண்டுவதற்குள் பாதிப் பையன்கள் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்களே!

பிரேசிலில் குடியேறிய அங்கேரிய மருத்துவர் அலெக்சாண்டர் லெனார்ட், வின்னி த பூ என்ற குழந்தைக் கதையை லத்தீனாக்கி 1958இல் வெளியிட்டார். 1960இல் அமெரிக்கப் பதிப்பு வந்து, நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 20 வாரம் இருந்தது. வாங்கியவரெல்லாம் படித்தார்களா என்று கேட்காதீர்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் குறள் உரையை யார் முழுதாகப் படித்தோம்?

ஹாரி பாட்டர் முதல் கதை 2003இல் லத்தீனில் வந்தது. தலைப்பிலேயே 'ஃபிலோசோஃபி லாப்பிஸ்' என்றிருக்கும்: தத்துவஞானியின் கல். கதை தெரிந்த பிள்ளைக்கு ஆறாம் வேற்றுமை அட்டையிலேயே கிடைத்துவிட்டது, அகராதியைத் தொடாமல்.

சரி, நம் மொரீஷியஸ் தீவுக்கு வருகிறேன். என் பேத்தி 'அகர முதல' மூச்சுவிடாமல் சொல்வாள். பொருள் கேட்டால் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் "மோ பா கொனே" என்பாள், தெரியாதாம். கோபித்து என்ன செய்ய? வீட்டில் நாங்களே க்ரியோல்தானே பேசுகிறோம்.

போன விடுமுறையில் 'குட்டி இளவரசன்' கொடுத்தேன். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்து, 1981இல் க்ரியா வெளியிட்ட புத்தகம். பிரெஞ்சில் அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். விரலை வைத்து "பா... ம்... பு" என்று கூட்டியவள், பிரெஞ்சில் படித்த பாம்பு நினைவுக்கு வந்து "போவா!" என்று துள்ளினாள். அப்புறம் அந்தத் தொப்பி மாதிரிப் படம் வந்தது. தெரியாதவன் போல "தொப்பி" என்றேன்.

"தொப்பி இல்லை, தாத்தா. உள்ளே யானை."

யானையை விழுங்கிய பாம்பின் படம்தான் அந்தத் 'தொப்பி'. யாரும் கேட்காமல் அவள் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அது, நடுவர் அவர்களே.

மணி அடிக்கிறது. ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். கதையில் வரும் பாவோபாப் மரத்துக்குத் தமிழில் என்ன என்று நேற்று என்னை மடக்கிவிட்டாள். தேடிப் பார்த்தேன். ஆனைப்புளியாம்!