143-ஆம் எண் எங்கே போனது?

வணக்கம் நேயர்களே. நிரல் எழுதுகிறவர்கள் அதைப் பத்திரப்படுத்தச் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பல வருடங்களாக விடாமல் சொல்லிவருகிற விஷயம் இது.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்துவைக்கும் கிட் என்ற கருவி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் இதே வேலைக்குப் பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். 2005-இல் அந்தச் சலுகை நின்றுபோனது. அந்த ஏப்ரலிலேயே லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். பலர் தங்கள் நிரலை வைத்திருந்த கூகுள் கோட் என்ற சேவையும் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. இடம் நம்முடையதாக இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. இரண்டு மூன்று பேர் என்றால், ஒரு பழைய லினக்ஸ் கணினியில் கிட்டை நிறுவி, ‘பேர் ரெப்போ’, அதாவது வரலாற்றை மட்டும் வைக்கும் நிரல் கிடங்கு, ஒன்றை உருவாக்கி, தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே வர வழி செய்தாலே வேலை முடிந்தது. எஸ்.எஸ்.எச். கீ என்றதும் மலைக்க வேண்டாம். பூட்டையும் சாவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சர்வரில் வைப்பது அதைத்தான். சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. திரையில் பார்த்து, பிழைகளைப் பதிந்து, விவாதிக்க வேண்டுமென்றால் சர்வரில் நிறுவிக்கொள்ளும் கிட்டீ என்ற மென்பொருள் இருக்கிறது. 2022-இல் அதிலிருந்து பிரிந்த ஃபோர்ஜேயோ இருக்கிறது. கைக்கடக்கமான ராஸ்பெர்ரி பை கணினியிலேயே இவை ஓடும். இதே வகையைச் சேர்ந்த கிட்லேப் வசதி மிகுந்தது, ஆனால் நினைவகம் நிறையக் கேட்கும். சின்னக் குழுவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இப்போது நடந்த ஒரு கதை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் காலை சர்வரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. யாரும் பதறவில்லை. கிட்டில் குளோன், அதாவது ரெப்போவின் முழு நகல், எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்குமே! ஒருவருடைய மடிக்கணினியிலிருந்து மதியத்துக்குள் எல்லா நிரலும் திரும்பிவிட்டது. கைதட்டினோம்.

ஒரு வாரம் கழித்து, வட்டி கணக்கிடும் பகுதியில் ஒரு விசித்திரமான வரியைப் பார்த்தேன். தொகையைப் பைசாவுக்கு முழுமையாக்காமல், வேண்டுமென்றே இறுதிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஏன்? ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதிவைக்கும் குறிப்பான கமிட் செய்தியைத் திறந்தேன். ‘143-ஐப் பார்க்கவும்’ என்று மட்டும் இருந்தது. 143-ஆம் பிழைப்பதிவு எங்கே? அது கிட்டுக்குள் இல்லை, சர்வரில் தனியாக இருந்த தரவுத்தளத்தில் இருந்தது. தரவுத்தளம் அந்த டிஸ்க்கோடு போய்விட்டது. யார் கேட்டார்கள், என்ன வாதம் நடந்தது, எதற்காக ஒப்புக்கொண்டார்கள் என்று இரண்டு வருடப் பேச்சு முழுவதும் போய்விட்டது. அந்த வரியைத் தொட எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. எழுதியவரோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன்: குளோன் என்பது பேக்கப் ஆகாது. நிரல் வரும், நிரலின் காரணம் வராது. நான்கையும் சேர்த்து எடுங்கள்: ரெப்போக்கள், தரவுத்தளம், இணைத்த கோப்புகள், அமைப்புக் கோப்பு. அந்த அமைப்புக் கோப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிட்டீயில் ரகசியத் தகவல்களைப் பூட்டிவைக்கும் சாவி அதற்குள்தான் இருக்கிறது. அது தொலைந்தால் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டை உள்நுழைவு வைத்தவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். எடுத்த பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் விரித்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்திலேயே தரவுத்தளம் தவறுதலாக அழிந்தது. பேக்கப்புக்குப் பல வழிகள் வைத்திருந்தும், அந்த நேரத்தில் சரியாகக் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று.

கமிட் செய்தியிலேயே காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரையும் கேட்டுவருகிறேன். எண்ணை எழுதுங்கள், கூடவே காரணத்தையும் எழுதுங்கள். அது குளோனோடு போகும், குளோனோடு திரும்பி வரும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். மூன்றே மூன்று மட்டும். எவரும் கணக்குத் திறக்கலாம் என்ற வசதி திறந்திருந்தால் முதல் நாளே மூடுங்கள். எஸ்.எஸ்.எச். உள்நுழைவில் கடவுச்சொல்லை அணைத்துவிட்டுக் கீயை மட்டும் அனுமதியுங்கள். புதிய பதிப்பு வந்தால் முதலில் பேக்கப், பிறகு மேம்படுத்தல். வணக்கம்.